மேட்டு ரோட்டில் ஒரு ஸ்காலர்ஷிப்

"கிளட்ச், டாக்டரம்மா! கிளட்ச்!"

"மிதிச்சுட்டுத்தானே இருக்கேன்!"

"அது பிரேக்!"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கடைத்தெருவின் நட்டநடுவில் நின்றது. பின் சீட்டில் இருந்த பெண்ணின் மடியிலிருந்து சான்றிதழ்ப் பை வழுக்கிக் காலடியில் விழுந்தது. முன்னால் இருந்த அவளுடைய அப்பா, டிரைவிங் மாஸ்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இப்போதுதான் பார்த்திருந்தார், அதற்குள் அது வேண்டுமென்றே ஓடியிருப்பதாக அவருக்குப் பட்டது.

பத்து மணிக்கு மலைமேல் இருக்கும் கல்லூரியில் மகளுக்கு நேர்முகத் தேர்வு. தேறிவிட்டால் படிப்பு முடிகிறவரை கட்டணம் கிடையாது, விடுதியும் இலவசம். தேறாவிட்டால் அந்தப் படிப்பையே மறந்துவிட வேண்டியதுதான். தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டோம் என்று அழைப்பில் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள்.

பாவம், அவள் பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தாள். கெடுத்தது மாஸ்டர். "ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறவன் பொண்ணு பஸ்ல தொங்கிட்டுப் போறதா? நான் கொண்டு போய் விடறேன்" என்று முந்தின நாள் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சிக்கல் உறைத்தது. வண்டி அவருடையதில்லை, டிரைவிங் ஸ்கூல் முதலாளியுடையது. பாடம் இருந்தால்தான் அது வெளியே வரும். ஓட்டுகிற சீட்டில் கற்றுக்கொள்கிறவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று முதலாளி வாசலிலேயே நின்று எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்துக்குப் பாடம் இருந்தது பல் டாக்டரம்மா ஒருவருக்குத்தான்.

அடுத்தவர் வாய்க்குள் ஊசியையும் இடுக்கியையும் விட்டு இம்மி பிசகாமல் வேலை செய்கிற கை டாக்டரம்மாவுடையது. அந்தக் கை ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் உதறும்.

"மலை ரோட்டுல ஒரு தடவை ஏறிட்டீங்கன்னா அப்புறம் எந்த டெஸ்டும் தூசு" என்று ஆசைகாட்டித்தான் மாஸ்டர் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்.

வண்டி மறுபடியும் உயிர் பெற்று ஊர்ந்தது.

"யாராவது எதையாவது பேசுங்களேன். பேசிட்டே ஓட்டினா எனக்குப் பயம் தெரியாது" என்றார் டாக்டரம்மா. "ஏம்மா, இந்தக் காலேஜ எப்படிப் புடிச்சே?"

"முதல்ல அப்பாதான் தேடினாரு ஆன்ட்டி."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தேடிய விதமே தனி. பாடம் எடுக்கிற சாக்கில் ஒவ்வொரு கல்லூரி வாசலாக வண்டியை விடச் சொல்லி, வாகனம் நிறுத்துமிடத்தை நோட்டம் விடுவார். பளபளவென்று பெரிய கார்கள் நின்றால் நமக்குக் கட்டுப்படியாகாது. பழைய ஸ்கூட்டர்கள் நின்றால் நம்ம இடம். அப்படி ஸ்கூட்டராகவே நிறைந்திருந்த ஒரு கல்லூரியைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து தம்பட்டம் அடித்தார். விசாரித்தால் அது பக்கத்து மெக்கானிக் கடையின் இடம். கல்லூரியின் சொந்த நிறுத்துமிடம் பின்பக்கம் இருந்தது. அங்கே நின்ற கார்களைப் பார்த்துவிட்டு மாஸ்டர் வந்த வழியே திரும்பிவிட்டார்.

"அப்புறம் நானே உட்கார்ந்து பார்த்தேன்" என்றாள் மகள். "ஒரு காலேஜ்ல ஃபீஸ் கம்மின்னு போட்டிருப்பாங்க. லேப், லைப்ரரி, ஹாஸ்டல்னு ஒவ்வொண்ணா சேர்த்தா மத்த காலேஜை விட ஜாஸ்தியா வரும். இந்தக் காலேஜ்ல ஃபீஸே பயங்கரம். ஆனா மார்க்குக்காக ஒரு ஸ்காலர்ஷிப் இருக்குன்னு அவங்க வெப்சைட்ல ஒரு மூலையில இருந்துச்சு. எங்க ஸ்கூல்லயே யாருக்கும் தெரியல."

"கெட்டிக்காரி!" என்று டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க!" என்று அலறினார் மாஸ்டர்.

இந்த வேகத்தில் போனால் ஆகாது என்று அவர் ஒரு குறுக்குச் சந்தில் திருப்பச் சொன்னார். சந்தின் பாதியில் ஒரு லாரி நிதானமாகச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. பின்னால் எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் பாடம் இன்னும் ஆகவில்லை. மாஸ்டர் கீழே இறங்கி, "வாங்க, வாங்க, வரலாம், ஒடிங்க, அந்தப் பக்கமில்ல!" என்று கத்திக்கொண்டே வழிகாட்ட, வண்டி மணல் குவியலில் ஏறி உட்கார்ந்தது. செங்கல் இறக்கியவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். மாஸ்டரின் சலவைச் சட்டை முழுக்கப் புழுதி.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுக்கு மேல நான் ஓட்டிக்கறேனே."

டாக்டரம்மாவின் கண் கலங்கிவிட்டது. "என்னால முடியாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, இல்ல?"

"ஐயோ, அப்படி இல்ல..."

"அவங்களே ஓட்டட்டும்ப்பா" என்றாள் மகள். அவளுடைய குரலில் பொறுமை இருந்தது. விரல்கள் மட்டும் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். பஸ்ஸில் விட்டிருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்து, தண்ணீர் குடித்து, தலையைக்கூடச் சீவி முடித்திருப்பாள்.

மலை ரோடு வந்தது. ஒரு வண்டி போகிற அகலம்தான். முதல் வளைவை டாக்டரம்மா அருமையாக ஏறினார். இரண்டாவதையும் ஏறினார். "பார்த்தீங்களா!" என்று பூரித்துப்போய்ச் சொன்னவர், மூன்றாவது வளைவின் செங்குத்தான மேட்டில் கியரை மாற்றினார். வண்டி நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல, ஸ்டார்ட் பண்ணுங்க."

"மாட்டேன். பிரேக்குலேருந்து காலை எடுத்தா பின்னாடி போயிடும்."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. ஒரு இஞ்ச்கூட நகராது."

"நானும் தினம் வலிக்காது, வலிக்காதுன்னுதான் சொல்றேன். அதை எவன் நம்பறான்?"

பின்னால் ஒரு வேன் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு காய்கறி வண்டி, அதற்கும் பின்னால் இன்னும் எதெதுவோ. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி எல்லோரையும் பொதுவாகக் கும்பிட்டார்.

மகள் முன்னால் சாய்ந்தாள். "ஆன்ட்டி, வாயைத் திறக்கவே மாட்டேங்கற பேஷன்ட்டை என்ன பண்ணுவீங்க?"

"அவங்களைப் பத்தியே ஏதாவது கேப்பேன். பேச்சு சுவாரசியத்துல திறந்துடுவாங்க."

"நீங்க எப்படி டாக்டருக்குப் படிச்சீங்க?"

"அதை ஏன் கேக்கறே! எங்க வீட்ல நாங்க மூணு பொண்ணுங்க..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். கதை சூடுபிடிக்க, கால் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டார். ஹேண்ட் பிரேக் பழசு; மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி அரை அடி பின்னால் சரிந்தது.

டாக்டரம்மா வீறிட்டார். கால் மறுபடியும் பிரேக்கில் இறங்கியது. இந்தத் தடவை அசைவேனா என்றது.

மாஸ்டர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்தார். கெஞ்சினார். சத்தம் போட்டார். கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஓடுங்க!" என்றார் டாக்டரம்மா, தியாகி போல. "வண்டியை நான் புடிச்சுக்கறேன்."

ஓடினார்கள். மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், மாஸ்டர் பையை எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு அவருடையது; பாதி மேட்டிலேயே இரைத்தது. "நீ போ பாப்பா, எனக்காக நிக்காதே" என்றார். அவள் நின்று, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

கல்லூரி வாசலை அடைந்தபோது பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. உள்ளே அமைதியாக இருந்தது. அந்த அமைதியைப் பார்த்ததுமே மாஸ்டருக்கு எல்லாம் முடிந்துபோனது புரிந்துவிட்டது. வாட்ச்மேன் அப்போதுதான் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணே, இன்டர்வியூவுக்கு வந்தோம். லேட்டாயிடுச்சு." மாஸ்டர் கைகூப்பினார். "தப்பு முழுக்க என்னோடது. இவ பஸ்ல போறேன்னுதான் சொன்னா, நான்தான் கேக்கல. நல்லாப் படிக்கிற பொண்ணு. கேள்வி கேக்கறவங்க கால்ல வேணா நான் விழறேன், இவளை மட்டும் உள்ள விட்டுடுங்கண்ணே."

மகள் அவர் சட்டையில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். "விடுப்பா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

வாட்ச்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேள்வி கேக்க வேண்டிய அஞ்சு பேருமே இன்னும் வந்து சேரலீங்க, மேட்டு ரோட்டுல ஏதோ எல்-போர்டு வண்டிக்குப் பின்னாடி வேன்ல மாட்டிக்கிட்டாங்களாம், உள்ள இருக்கற அம்மா 'எங்க மாஸ்டர் வந்து சொன்னாத்தான் பிரேக்குலேருந்து காலை எடுப்பேன்'னு ஒரே பிடிவாதமாம்!"