மத்யமத்தில் மாட்டிக்கொண்ட ஆவி

வங்காளத்தில் நம்மவர்கள் குடியிருந்த பவானிப்பூர்ச் சந்தில் அந்த மாதம் செத்தவர்களுக்குத்தான் மவுசு. உயிரோடு இருப்பவன் பேசினால் ஒருவரும் காது கொடுப்பதில்லை. ஆவிகளை அழைக்கும் நாதானந்த ஸ்வாமியின் பித்தளைக் குழல் பேசினால் சந்தே கைகட்டி நின்றது. கிடர்பூர் துறைமுகத்து ஆபீசர்கள், அலிப்பூர் கோர்ட்டு குமாஸ்தாக்கள், பி.ஏ. படித்தவர்கள்கூடப் பழமும் பட்டும் வெள்ளிக் காசும் ஏந்தி வரிசையில் வந்தார்கள். படிப்பு வேறு, புத்தி வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கறுப்புத் திரைக்கு முன்னால் குழல் இரண்டு. ஒன்று அண்டா வாய் அகலம். இன்னொன்று எண்ணெய் ஊற்றும் புனல் அளவு. "கனத்த நாதம் ஆண் ஆவிக்கு, பெரிய குழல். மெல்லிய நாதம் பெண் ஆவிக்கு, சின்னக் குழல். நடுவே எல்லை வகுத்தது அடியேன் தபஸ்" என்பார் ஸ்வாமி.

பாகீரதி விதவையாகி எட்டு மாதம். வயது இருபத்திரண்டு. தலையை மழிக்க அவள் சம்மதிக்கவில்லை. கணவனின் அண்ணன் மஹாதேவன் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் வெள்ளிக் காசோடு குழலிடம் போனார். போன வெள்ளிக்கிழமை பெரிய குழலில் கணவன் நடராஜன், "மழிச்சுடு, எனக்கு இங்கே சாந்தி இல்லை" என்றான். சின்னக் குழலில் செத்துப்போன மாமியார் அதையே கீச்சுக் குரலில் ஆமோதித்தாள். உயிரோடு இருந்தவரை தாயும் பிள்ளையும் எதிலும் ஒத்துப்போனதில்லை. மேலே போனதும் என்ன ஒற்றுமை!

இந்த வெள்ளிக்கிழமை நாவிதனுக்குச் சொல்லியனுப்பிவிட்டே மஹாதேவன் அவளை அழைத்து வந்தார். பாகீரதிக்கோ புருஷன் பேரில் எவனோ தனக்கு உத்தரவு போடுகிறான் என்ற ஆத்திரம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"ஸ்வாமி, ஒரே ஒரு ஆசை" என்றாள். "அவர் தினம் கார்த்தால ஸரிகம பாடுவார். கீழ் ஷட்ஜத்துலேர்ந்து மேல் ஷட்ஜம் வரைக்கும். அதை ஒரு தடவை கேட்டுட்டா, நானே போய் நாவிதன் முன்னால உக்காந்துடறேன்."

"பேஷா பாடட்டுமே!" ஸ்வாமிக்கு வாயெல்லாம் பல்.

பெரிய குழல் முழங்கியது. "ஸா... ரீ... கா... மா..." கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மத்யமத்தோடு பெரிய குழல் ஓய்ந்தது; அடுத்த "பா" சின்னக் குழலிலிருந்து வந்தது! தா, நீ, ஸா எல்லாம் மாமியார் குழலில்தான்.

"ஓ மா, ஏ கீ!", அம்மாடி, இதென்ன, என்று அலறினாள் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்.

"நடராஜன் எப்போடா தன் அம்மாவா மாறினான்?" என்றது பின்வரிசை.

பாகீரதி எழுந்து திரையை இழுத்தாள். பின்னால் ஒரு தொந்திக்காரன், வாயில் தகரக் குழாய். குழாய் அந்த இரண்டு குழல்களுக்குமாகப் பிரியும் இடத்தில் ஒரு மரத் தகடு. அதன் பிடியில் அவன் கை. குரல் ஏறினால் தகட்டைத் திருப்பு என்று மாதக்கணக்கில் பழகிய கை அது. ஏறியது ஸ்வரம்தான், ஆவி மாறவில்லை என்று பாவம், கைக்கு எப்படித் தெரியும்?

ஸ்வாமி கொல்லைக் கதவைத் தேடினார். கூட்டம் செருப்பைத் தேடியது.

மஹாதேவன் மட்டும் விடவில்லை. "ஆவி பொய்யாவே இருக்கட்டும். சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கே!"

பாகீரதி முதல் தடவையாக அவர் முகத்தை நேரே பார்த்தாள். "அங்கேயும் திரையை இழுத்து, பேசறது யார்னு பார்த்துட்டு வாங்கோ. அப்புறம் என் தலையைப் பத்திப் பேசலாம்."

திரைகள் இன்னும் ஏராளம், ஐயா. இழுக்கத்தான் ஆளில்லை, நம் கைகள் கும்பிட்டபடியே இருக்கின்றன.