வில்வமுள் கடித்த கதை

நான் தமிழ் படிப்பிக்கிற ரீச்சர். முள் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று பிள்ளைகளிடம் கேட்பது வழக்கம். செடியில் இருப்பது முள், மீனில் இருப்பது முள், மணிக்கூட்டில் ஓடுவது முள், தராசில் ஆடுவது முள். கெட்டிக்காரப் பிள்ளைகள் மனதில் தைத்த முள் வரைக்கும் போவார்கள். பாம்பு என்று மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பொருளைக் கண்டுபிடித்தவள் நான். ஒரு சிவராத்திரி நாளில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

அப்போது கல்யாணமாகி அரை வருடம்தான். புகுந்த வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில். நான் கிளிவெட்டிக்காரி என்பதில் மாமிக்கு ஒரே பெருமை. "வயல்காட்டுப் பிள்ளை, பூச்சி பாம்புக்கெல்லாம் பயப்படாது" என்று அயலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். (நான் வயலைப் பார்த்ததெல்லாம் அப்பாவின் தோளில் இருந்துதான். இறக்கிவிட்டால் அலறுவேனாம்.)

அன்று காலை மாமி ஒரு ஓலைக் கூடையை என் கையில் தந்தார்.

"பிள்ளை, பின்வளவு வில்வத்தில கொஞ்சம் இலை ஆய்ஞ்சு கொண்டு வாங்கோ. எனக்கு முழங்கால் ஏலாது."

வளவு என்று பெயர், உள்ளே போனால் காடு. பற்றைகளுக்கு நடுவில் வில்வமரம். மரத்தடியில் என் இடுப்பளவுக்கு ஒரு புற்று. வில்வத்தில் இலைக்குப் பக்கத்திலேயே முள் நிற்கும், சில இடங்களில் சோடி சோடியாக, முறிந்து தரையில் கிடக்கிற கொப்பிலும். நான் எங்கே முள்ளைப் பார்த்தேன்? இரண்டு கண்ணும் புற்றின் மேல். கை தன்பாட்டில் இலை ஆய்ந்தது, வாய் தன்பாட்டில் முருகா முருகா என்றது.

கூடை அரைவாசி நிறைந்திருக்கும். எனக்குப் பின்னால் சருகு சரசரத்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து மறுத்துவிட்டது. பாராமலே ஒரு எட்டுப் பக்கவாட்டில் வைத்தேன். இடது கணுக்காலில் சுரீர் என்று ஏறியது. குனிந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி. இரண்டிலும் இரத்தம்.

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிறது என்று அடுத்த வீட்டார் நினைத்தார்களாம். ஊதியது நான்தான்.

முழங்கால் ஏலாத மாமி செருப்பும் இல்லாமல் வீதிக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தார். துறைமுகத்தில் வேலையாக நின்ற என் கணவருக்குப் போன் போனது. ஆட்டோவுக்குள் நாக்குத் தடித்தது. விரல் நுனிகள் மரத்தன. கண்ணை மூடினால் திறக்கமாட்டேன் என்ற பயத்தில் இமைக்காமல் இருந்ததில் தண்ணீர் கொட்டியது. இன்னும் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. பாவச் சுமையோடு போகக்கூடாது என்று தோன்றியது.

"மாமி, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்."

"கதையாதைங்கோ பிள்ளை, விஷம் ஏறும்."

"கந்தசஷ்டிக்கு நான் விரதம் பிடிக்கேல்லை மாமி. பள்ளிக்கூடக் கன்ரீனில மீன் ரோல்ஸ் சாப்பிட்டனான்."

மாமி என் தலையைத் தன் மடியோடு இறுக்கிப் பிடித்தார். வாய் "காளியாச்சி, காளியாச்சி" என்று முணுமுணுத்தது. ஆட்டோக்காரர் கண்ணாடிக்குள்ளால் என்னை ஒருமுறை பார்த்தார். சாகப்போகிறவளைப் பார்க்கிற பார்வையாக அது இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர்.

"பாம்பைக் கண்டனீங்களோ?"

காணவில்லை. ஆனால் காணவில்லை என்று சொன்னால் மருந்து தராமல் விட்டுவிடுவார்களோ?

"ஓம், கண்டனான்."

"என்ன நிறம்?"

"கறுப்பு. வெள்ளை... வளையம் வளையமா."

நீளம் கேட்டார். கையை விரித்தேன். அது நிற்காமல் விரிந்துகொண்டே போனது. டொக்டரின் முகம் மாறியது. "கண்டங்கருவளலையாத்தான் இருக்கும்" என்று பக்கத்தில் நின்ற தாதியிடம் மெதுவாகச் சொன்னார். நானே படைத்த பாம்புக்கு ஒரு டொக்டர் பெயர் வைத்ததும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது.

"இமையைத் தூக்கிப் பாருங்கோ."

அவர் சொன்ன உடனே இமை கல்லாய்க் கனத்தது. "ஏலாது டொக்டர்."

திரைக்கு வெளியே மாமி விம்முவது கேட்டது.

"விஷமுறிவு மருந்தும் சிலருக்கு ஒத்துவராது. மூச்சு முட்டலாம், பிரஷர் விழலாம்" என்றார் டொக்டர். "ஆனால் இந்தப் பாம்பெண்டால் எங்களுக்கு வேற வழியில்லை."

இப்போது பாம்பாலும் சாகலாம், மருந்தாலும் சாகலாம். நான் ஒன்றையும் காணவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உண்மை தொண்டையில் மீன்முள்ளாகக் குறுக்கே நின்றது. தட்டில் ஊசிகள் வைக்கிற சத்தம் கேட்டது.

காலைக் கழுவிக்கொண்டிருந்த தாதி, மூதூர்க்காரி, திடீரென்று குனிந்தார்.

"டொக்டர், இதக் கொஞ்சம் பாருங்க. உள்ளுக்கு என்னமோ கறுப்பாக் கிடக்கு."

இடுக்கி வந்தது. ஒரே இழுப்பு.

மாமி திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். "ஐயோ, பாம்புக்குப் பல்லு முறிஞ்சிட்டுதோ?"

"பல்லு இல்லம்மா," என்றார் தாதி. "முள்ளு."

அந்த நேரம் பார்த்து என் கணவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். டொக்டருக்குக் காட்டவேண்டுமென்று முதலில் பின்வளவுக்குப் போய்ப் பாம்பைத் தேடியிருக்கிறார். "பாம்பைக் காணேல்லை. இதுதான் நிண்டது" என்று போனை நீட்டினார். படத்தில் ஒரு மான். ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று, என் கூடைக்குள் வாயை வைத்து வில்வ இலை தின்றுகொண்டிருந்தது.

டொக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வெள்ளை வளையம்?"

"வெள்ளைப் புள்ளி எண்டு சொல்ல வந்தனான் டொக்டர்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் மாமி கடலைப் பார்த்தபடி இருந்தார். வீட்டு ஒழுங்கை திரும்புகிற இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"ஆறு நாளுமோ?"

"ஓம் மாமி."

கணுக்காலில் ஏறினதை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார்கள். சஷ்டியைப் பற்றி மாமி கேட்ட அந்த இரண்டு சொல்லை எடுக்க எந்த ஆஸ்பத்திரியிலும் இடுக்கி இல்லை.

வாசலில் இறங்கியதும் மாமி சொன்னார். "பிள்ளை பிழைச்சால் வருஷா வருஷம் பாற்குடம் எடுக்கும் எண்டு பத்திரகாளி ஆச்சிக்கு நேர்ந்து போட்டன்."

"வெறும் முள்ளுக்கோ மாமி?"

"நேர்ந்தது பாம்புக்கு. பிழைச்சது பிழைச்சதுதானே."

பதினொரு வருடமாக எடுக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் "இவதான் முள்ளு கடிச்சவ" என்றுதான் என் கணவர் என்னை அறிமுகப்படுத்துவார். போன வருடம் கோயில் வரிசையில், எனக்கு முன்னால் குடத்தோடு நின்ற ஒரு பெண் திரும்பி, என்ன நேர்த்தி என்று கேட்டாள். சுற்றிலும் அவ்வளவு சனம்.

"பாம்பு கடிச்சது" என்றேன் தணிந்த குரலில்.

பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"முள்ளு எண்டு சொல்லுங்கோ பிள்ளை. ஆச்சி கேட்டுக்கொண்டிருக்கிறா."