பேய்க்குப் பயந்த எக்ஸாஸ்ட்

நேராகவே கேட்கிறேன். பேயைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கத்துவீர்கள், ஓடுவீர்கள், வாயில் வந்த சாமி பெயரையெல்லாம் ஒரே மூச்சில் கலந்தடிப்பீர்கள். "சரியாத் தெரியல, இன்னொரு தடவை வர்றீங்களா?" என்று கேட்பீர்களா?

எக்ஸாஸ்ட் கேட்பார். என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கேட்பார். எங்கள் மட்டாஞ்சேரியை விடுங்கள், ஆலுவா வரை சல்லடை போட்டாலும் பேய்க்கு இப்படிப் பயந்த இன்னொரு ஆள் கிடைக்க மாட்டார். பேய் இருக்கிறதென்று சொன்ன வீட்டுக்கெல்லாம் தேடிப் போன இன்னொரு ஆளும் கிடைக்க மாட்டார்.

திண்டுக்கல்காரர். காக்கநாட்டு ஐ.டி. கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் வேலை, அதாவது ஊரான் எழுதிய சாஃப்ட்வேரில் ஓட்டை கண்டுபிடித்துச் சாபம் வாங்குகிற வேலை. ஆபீசுக்குப் பக்கத்திலேயே பெரிய ஃபிளாட் கிடைத்தும் வேண்டாம் என்றுவிட்டு, பஸ் பஸ்ஸாக மாறி வரவேண்டிய எங்கள் தெருவில் எதிர்வீட்டுக் கீழறைக்குக் குடிவந்தார். காரணம் கேட்டேன்.

"அங்க லிஃப்ட்ல தனியாப் போகணும் தம்பி. இங்க பாரு, தும்முனா நாலு வீட்ல இருந்து சத்தம் குடுக்குறாங்க. என்ன ஒரு பாதுகாப்பு!"

நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். எங்கள் தமிழைக் கேட்டு முதல் வாரம் முழுக்க எக்ஸாஸ்ட் சிரித்தார். அப்போது அவருக்கு அந்தப் பெயர் இல்லை. பெயர் வைத்தது சாயாக்கடை.

எங்கள் முக்குச் சாயாக்கடையின் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம். சர்க்கரை எடுக்கப் போகிறவன் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக அலறிக்கொண்டு வருவான். கடைக்காரச் சேட்டன் அறையைப் பூட்டிவிட்டு மூட்டைகளை பெஞ்சில் அடுக்கிவிட்டார். நாங்கள் நின்றுகொண்டு சாயா குடித்தோம். விஷயம் கேட்டதும் நம் ஆளுக்கு முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்தார். "வா, போய்ப் பார்ப்போம்."

உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தார். மெடல் காட்டுவது போல முழங்கையை நீட்டினார். ரோமம் அத்தனையும் எழுந்து நின்றது.

"பாருங்க! நிஜம்! நிஜமாவே யாரோ நிக்கிறாங்க! சேட்டா, அந்த ஃபேனை நிறுத்துங்க."

சுவரில் ஒரு பழைய எக்ஸாஸ்ட் ஃபேன், இறக்கை ஒன்று வளைந்திருந்தது. நிறுத்தியதும் மறுபடி உள்ளே போனார். ரோமம் படுத்தது. போட்டதும் எழுந்தது. நிறுத்து, போடு, நிறுத்து, போடு என்று ஸ்விட்ச் கழன்று கையோடு வரும்வரை விடவில்லை.

"காதுக்கு எட்டாத ஆழத்துல ஒரு முழக்கம் இருக்கும் போல. காது விட்டுடுது, உடம்பு பிடிச்சுக்குது. உடம்பு ஏன் நடுங்குதுன்னு மூளைக்குத் தெரியல. சும்மா இருக்குமா அது? பின்னால ஒரு ஆளைக் கொண்டாந்து நிறுத்திடும்."

"அப்போ பேய் இல்லே?" என்றார் சேட்டன்.

"இருக்கு சேட்டா. கரண்ட்ல ஓடுது."

அன்றிலிருந்து எக்ஸாஸ்ட். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்ததை வாடகை ரசீது தவிர வேறு யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, பக்கத்து ஹோட்டலின் புரோட்டா மாஸ்டர். தேனிப்பக்கத்து ஆள், ஆறடி. விடியற்காலையில் ஒரு கிழவன் வந்து நெஞ்சில் உட்காருகிறான், கை அசையவில்லை, குரல் வரவில்லை என்று வெளியில் சொல்லிவிட்டார். ஹோட்டலே சிரித்தது. எக்ஸாஸ்ட் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கிழவன் எந்தப் பக்கமா ஏறுறாரு?"

"கால்மாட்டுல இருந்துண்ணே."

"எனக்கு ஒரு பொம்பளை. தலைமாட்டுல இருந்து." மாஸ்டரின் தோளில் தட்டினார். "கனவுல ஓடும்போது நெசமாவே எந்திரிச்சு ஓடிடக் கூடாதுல்ல, அதுக்காக மூளை கை காலைப் பூட்டி வைக்குது மாஸ்டர். சில நாள் நம்ம முழிச்சுக்கிறோம், அது பூட்டைத் திறக்க மறந்துடுது. கனவுல பாதி கண்ணு முன்னால நிக்குது. ராத்திரி ரொம்பக் கண்ணு முழிக்காம, ஒருக்களிச்சுப் படுத்துப் பாருங்க. ஆனா நீங்க பார்த்தது பொய்யில்ல. சத்தியமா பார்த்தீங்க."

மாவுக் கையோடு மாஸ்டர் அழுதுவிட்டார். எக்ஸாஸ்டின் ஸ்பெஷாலிட்டியே அதுதான். "எல்லாம் மனப்பிரமை" என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கோ அன்றைக்குத்தான் உள்ளுக்குள் உதறல் எடுத்தது. ஒரு ஆளை எடையோடு, மூச்சோடு, தாடியோடு செய்து நெஞ்சின் மேல் உட்காரவைக்கிற ஃபேக்டரி என் மண்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பி.காம். படித்தவன் எங்கே போய் ஒளிவது?

இதெல்லாம் ஜாலி. ஜாலியாக இல்லாமல் போனது என் அக்கா ஷமீனா விஷயத்தில்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாவது மாதம். நல்ல மழைக்காலம். அவளுக்கு மாடியறையைக் கொடுத்தோம். வந்த சில நாளிலேயே ஆரம்பித்தது. சாயங்காலமானால் தலைவலி, குமட்டல், நெஞ்சில் பாரம். யாரோ நடக்கிற சத்தம். பிறகு மூலையில் யாரோ நிற்கிறார்கள்.

அவள் வந்த நாளிலிருந்தே, பொழுது சாய்கிற மஃரிப் நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற அறைக்குள் ஜின் புகுந்துவிடக் கூடாதென்று அம்மா ஜன்னலையெல்லாம் அடித்துச் சாத்துவாள். சட்டி நிறையச் சிரட்டைக்கரியை மூட்டி, சாம்பிராணி போட்டு, கட்டில் பக்கத்திலேயே வைப்பாள். மறுநாள் அக்காவுக்கு இன்னும் அதிகமாகத் தெரியும். அம்மா இன்னும் ஒரு பிடி கரி போடுவாள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. காலையில் ஆட்டோவில் காற்றடிக்கப் போய்ச் சேருவதற்குள் தலைவலி ஓடிவிடும். அவரும் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவார். வீடு திரும்பி விளக்கு வைத்தால் பழையபடி.

"கண்டோ? வெளியில போனா ஒண்ணும் இல்லை. வீட்டுக்குள்ளதான் இருக்கு அது," என்றாள் அம்மா.

ஒருநாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "டா, எனக்குக் கிறுக்குப் பிடிக்குதாடா? நேத்து சாயங்காலம் குழந்தை அசையவே இல்லடா."

நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

எக்ஸாஸ்ட் வந்ததும் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மோனே, நீ பேய் ஓட்டுற ஆளா?"

"இல்லம்மா. பேய்க்குப் பயப்படுற ஆள்."

"அதுக்கு இங்கே ஆள் இருக்கே!"

"ஆபீஸ்ல ஒரு பழக்கம்மா. கோளாறைத் திரும்ப வரவைக்காம அதைச் சரி பண்ண முடியாது. தினம் என்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க. அக்கா கீழ இருக்கட்டும். அக்காவுக்குப் பதிலா நான் உக்காருறேன்."

அம்மா அப்படியே செய்தாள். ஜன்னல் சாத்தி, கரி மூட்டி, சாம்பிராணி போட்டாள். போகும்போது போனஸாக, "வெள்ளைச் சேலை உடுத்தின கிழவியாக்கும், பயப்படாதே" என்றும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன்."

"போயிடாத." கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கியா?" பிறகு, "தலை வலிக்குது தம்பி." அப்புறம் சத்தமே இல்லை. நான் எழுந்து கதவைத் தட்டப்போன நேரம் அதுவாகத் திறந்தது. சுண்ணாம்பு மாதிரி முகம். என்னை இடித்துக்கொண்டு படியிறங்கி, சமையலறையில் நின்ற அம்மாவைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"பாத்தேன்."

தெருவோடையில் வாந்தி எடுத்தார். சாயாக்கடை பெஞ்சில் கொண்டுபோய்ச் சாய்த்தேன். மூலையில் வெள்ளையாக, தலை குனிந்து நின்றதாம். சேட்டன் சாயா கொடுத்தார். பாதி குடித்தவர் கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தலைவலி குறையுது. அக்காவுக்கும் வெளிய வந்தா இப்படித்தானே?"

"ஆமா."

"வீட்ல வேற யாருக்காவது?"

"பூனைக்கு. அக்கா கட்டிலுக்கு அடியிலதான் படுக்கும். ரெண்டு நாளா தள்ளாடுது, வாந்தி எடுக்குது. அதுக்கும் ஜின் தெரியுதுன்னு அம்மா சொல்றா."

"வெள்ளைச் சேலைக் கதையை எனக்கு உங்கம்மா சொன்னாங்க. பூனைக்கு யாரு சொன்னது?" கிளாஸ் கீழே விழுந்தது. "கரி! மூடுன ரூம்ல கரி! கார்பன் மோனாக்சைடுடா, விஷக் காத்து, வாசனையே கிடையாது அதுக்கு! அக்கா எங்க?"

அக்கா கீழே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு ஓடினோம். சமையலறை காலி. என் அம்மாவின் கணக்கு அபாரமானது. எக்ஸாஸ்ட் பேயைப் பார்த்துவிட்டார். பேய் அவர் பின்னாலேயே படியிறங்கிக் கீழே வந்துவிட்டது. ஆக, இப்போது வீட்டிலேயே பத்திரமான இடம் மாடியறை! மகளை மேலே கூட்டிப்போய், இன்னொரு சட்டியும் மூட்டி, உள்ளே தாழ் போட்டுவிட்டாள்.

மாடிப்படி எப்போதுமே இருட்டு. எக்ஸாஸ்ட் முதல் படியில் நின்றார். சற்றுமுன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்த மனிதர். காரணம் மூளைக்குத் தெரிந்துவிட்டால் கால்களுக்கும் தெரிந்துவிடுமா?

"தம்பி, நீ முன்னால போ," என்றார். நான் காலை எடுத்து வைப்பதற்குள், "தள்ளு!" என்று என்னைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, "அய்யோ அம்மா! அய்யோ அம்மா!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு படியேறினார். அவ்வளவு பயத்தோடு ஒருவர் அவ்வளவு வேகமாக ஏறி நான் பார்த்ததில்லை.

கதவை இடித்தார். உள்ளே அம்மா ஓதுகிற சத்தம் கூடியது. கதவை முதுகால் முட்டுக்கொடுக்கிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, நான் எக்ஸாஸ்ட்! தொறங்க!"

"அவன் கொரல்ல பேசுறியா நீ? போ! போயிடு!"

"உம்மகன் நான் இருக்கேம்மா, தொற!"

"எம்மகன் கொரலும் பிடிச்சிட்டியா, ஷைத்தானே!"

"அம்மா, கரியால சாகப்போறீங்க! கதவைத் தொறங்க! எனக்கு வேற இங்க நிக்கப் பயமா இருக்கு!"

அப்போது அக்காவின் குரல், குழறிக்கொண்டு, மெதுவாக. "அம்மா... பேய் எங்கேயாவது எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுமா? அது அவர்தான். தொற."

தாழ் விலகியது. எக்ஸாஸ்ட் பாய்ந்தார். எரிகிற சட்டிகளை வெறுங்கையால் தூக்கி, ஜன்னலை உதைத்துத் திறந்து மழைக்குள் வீசினார். அக்காவை நானும் அவருமாகத் தூக்கி இறக்கினோம். சேட்டன் ஏற்கெனவே ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஆக்சிஜன் மாட்டினார்கள். டாக்டர் எங்களை மலையாளத்தில் வறுத்தெடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு அக்கா வயிற்றில் கருவியை வைத்தார்கள். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து, குதிரை ஓடுவது போல, டக்டக்டக்டக்.

எக்ஸாஸ்ட் முழங்கையை என் பக்கம் நீட்டினார். ரோமம் அத்தனையும் எழுந்து நின்றது.

"இதுக்கும் காரணம் இருக்காண்ணே?"

"இருக்கு தம்பி. இப்ப வேணாம்."

வெளியே பெஞ்சில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நானே எம்பிள்ளைய... காவல்னு நெனைச்சு நானே..."

எக்ஸாஸ்ட், இரண்டு கையிலும் தீக்காயக் கட்டோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அம்மா, இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் முதல்லயே கரெக்டா சொன்னீங்க. வீட்டுக்குள்ளதான் இருக்குன்னு."

பிறகு ஒருநாள் பகல் வெளிச்சத்தில் அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். சுவரில் ஈரம் ஊறிச் சுண்ணாம்பு பூத்திருந்தது. தலை, தோள் என்று நினைத்தால் தலை, தோள். மீதியைக் கரியும் அம்மாவின் கதையும் சேர்ந்து தைத்து உடுத்திவிட்டிருக்கின்றன. எதிர்வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்போ இனிமே மாடிக்கு வருவீங்கல்ல?"

"காரணம் தெரிஞ்சா பயம் போயிடும்னு உனக்கு யாருடா சொன்னது?"

வரவே இல்லை. பிள்ளை பிறந்ததும் தெருவில் நின்று, "கீழ கொண்டாங்க!" என்று கத்தினார். பெயர்சூட்டு பிரியாணியைக்கூட வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். போன வருஷம் கம்பெனி அவரைச் சென்னைக்கு மாற்றிவிட்டது. பதினெட்டாவது மாடி ஃபிளாட்டாம். லிஃப்டில் ஏறும்போதெல்லாம் எனக்கு ஃபோன் போட்டு, இறங்கும்வரை பேசிக்கொண்டே போகிறார். நான் எந்த வேலையில் இருந்தாலும் எடுத்துவிடுவேன். எடுத்ததும் முதல் கேள்வி மாறுவதில்லை: "ஜன்னல் தொறந்திருக்கா?"

திறந்திருக்கிறது. மழை உள்ளே அடித்து அக்காவின் மெத்தை நனைந்துகொண்டிருக்கிறது.