லேபிளுக்கு முன்னால் எழ வேண்டியது

காலை ஒன்பது மணிக்கு லேபிள் பிரிண்டர் ஊமையாகிவிட்டது. அறுநூறு பெட்டி பனியன் லேபிளுக்காகக் காத்திருந்தது. தூத்துக்குடி கண்டெய்னர் இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.

"என்னாச்சுங்க தம்பி?" என்றார் முதலாளி கிட்டுசாமி.

"இந்தா சரியாயிரும் முதலாளி."

ராஜ்கமல் உசிலம்பட்டியிலிருந்து அனுப்பர்பாளையம் வந்து நாலு நாள்தான் ஆகிறது. எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தவனைக் கம்ப்யூட்டருக்கு என்று சேர்த்துக்கொண்டு, தங்க ரூமும் கொடுத்தவர் கிட்டுசாமி. அவருக்காக உயிரையே கொடுக்கலாம் என்றிருந்தான். முதல் தவணையாக நேற்று சர்வர் அறையைச் சுத்தம் செய்தான். உடைந்த மவுஸ், பழைய கேபிள், பிள்ளையார் படம், கற்பூரத் தட்டு எல்லாம் வெளியே போயின.

"இனிமே உள்ள புகையே ஆகாதுக்கா," என்று பொன்னாத்தாளிடம் கறாராகச் சொல்லியும்விட்டான். தினமும் காலையில் அறையைப் பெருக்கி சுவிட்ச் போடுவது அவள்தான்.

லினக்ஸ் சர்வர் காரணத்தை எழுதியே வைத்திருந்தது. லேபிள் புரோகிராம் எழுந்து பார்த்திருக்கிறது, டேட்டாபேஸ் எழவில்லை, கோபித்துக்கொண்டு படுத்துவிட்டது.

'டேட்டாபேஸ் எழுந்த பிறகே நீ எழு' என்று லேபிளுக்கு ஒரு வரி எழுதினான். காலையில் எழுவதுபோலவே எழட்டும் என்று மெயினை அணைத்துப் போட்டான். டேட்டா இருக்கும் சின்னப் பெட்டி கனைத்துக் கனைத்துச் சாவகாசமாக எழுந்தது. பெரிய பெட்டியான சர்வர் விருட்டென்று எழுந்தது. முன்பாவது லேபிளின் திரை திறந்து திட்டியது. இப்போது டேட்டாபேஸ் எழாததால் திரையே வரவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எல்லாவற்றுக்கும் காத்திருக்க வைத்தான். கல்யாணப் பந்தியில் "நீங்க உக்காருங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று நிற்கும் சம்பந்திகளைப் போல அவை நின்றன. பொறுத்துப் பார்த்த சர்வர், லேபிளையும் வருகைப் பதிவையும் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. டீக்குப் போய்த் திரும்பிய டைலர்கள் விரலை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

"பரவால்லீங்க தம்பி, வேற கப்பல் பாத்துக்கலாம். வாங்க, ஒரு டீ குடிக்கலாம்," என்றார் கிட்டுசாமி. ஆனால் அவர் முறுக்கிய முறுக்கில் தோள்துண்டின் நுனி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது ராஜ்கமலுக்கு அழுகை வந்திருக்காது.

தான் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, இணையத்தில் முகம் தெரியாத யாரோ எழுதிவைத்த ஆறு வரியை அப்படியே ஒட்டினான். இரண்டு பெட்டியின் சுவிட்சையும் அணைத்தான். "சுவிட்சைப் போட்டுருங்கக்கா," என்று பொன்னாத்தாளிடம் சொல்லிவிட்டு முதலாளியின் பின்னால் நடந்தான்.

திரும்பி வந்தால் பிரிண்டர் கடகடவென்று லேபிளைத் துப்பிக்கொண்டிருந்தது! டைலர்கள் உள்ளே போய்விட்டார்கள். ஒன்றே முக்காலுக்குக் கண்டெய்னர் கேட்டைத் தாண்டியது.

"வயித்துல பால வார்த்தீங்க தம்பி," என்று கிட்டுசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி எந்நாளும் நீங்க நம்ம கம்பெனிதானுங்க."

ராஜ்கமலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மைசூர்பாகு வாங்கிவந்து நன்றியையும் ஒழுங்கு வரிசையில் சொன்னான். முதல் துண்டு முதலாளிக்கு. அடுத்தது அந்த இணைய மனிதருக்கு. அவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, அவர் சார்பில் தானே தின்றான். பிறகு பெட்டிகளில் லேபிள் ஒட்டிய பேக்கிங் ஆள் சந்தனத்துக்கு. கடைசித் துண்டுதான் துடைப்பத்தோடு நின்ற பொன்னாத்தாளுக்கு.

"சுவிட்ச் போட்டதுக்கு உங்களுக்கும் நன்றிக்கா."

பொன்னாத்தாள் வாங்கத் தயங்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க கண்ணு, புகை ஆகாதுன்னீங்கன்னு காத்தால ரெண்டு பொட்டியையும் ஒண்ணாப் போட்டுட்டனுங்க. மனசு கேக்காம, இப்பத்தான் எப்பவும்போலச் சின்னப் பொட்டியப் போட்டு, பிள்ளையார உள்ள கூட்டியாந்து கற்பூரம் காட்டி, அது மலையேறுன பொறவு பெரிய பொட்டியப் போட்டனுங்க."