பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டிருந்த உடும்பு

ஒரு காட்டில் உலகநாதன் என்று ஓர் உடும்பு இருந்தான். காடு என்றதும் அருவி கொட்டும், மான் துள்ளும் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இது செல்போன் டவரும், மலை ஏறும் தார்ச்சாலையும், யாரோ நட்டுவிட்டுப் போன ஒரு டிராஃபிக் சிக்னலும் உள்ள காடு. சிவப்பு விழுந்தால் மிருகங்கள் நின்றுதான் போகும். நகரத்துப் பழக்கமெல்லாம் அங்கே இன்னும் வந்து சேரவில்லை.

உலகநாதனின் வம்சம் லேசுப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் கோட்டை ஏறப் போகிறவர்கள் ஓர் உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிச் சுவர்மேல் எறிவார்களாம். அது பிடித்த பிடியில் ஒரு படையே ஏறிப்போகுமாம். உடும்புப் பிடி என்று இன்றைக்கும் ஊர் பேசுகிறதே, அந்தப் பெருமையெல்லாம் இவன் பாட்டன் பூட்டன்மார் சம்பாதித்துக் கொடுத்தது. அதைக் கெடுப்பதற்கென்றே உலகநாதன் பிறந்தான். டவர் ஏறிப் பழுது பார்ப்பது அவன் வேலை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கீழே இறங்கிவிட்டால் டீயா காபியா என்று கேட்டாலே கண்ணை உருட்டுவான். அவன் பதிலுக்குக் காத்திருந்து கடைக்காரக் குரங்கு பாலைப் பொங்கவிட்ட நாட்கள் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் பஜ்ஜியை எடுப்பதா சொஜ்ஜியை எடுப்பதா என்று இவன் யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. மதில்மேல் பூனை என்று பூனையைக் குறை சொல்கிறோம். பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துவிடும்.

இப்படிப்பட்டவனுக்கு ரேஸ் பைக் ஆசை வந்தது. டவர் உச்சியிலிருந்து பார்த்தால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையும் தெரியும். ஒருநாள் அந்த வளைவுகளில் ஒரு வண்டி இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, ஒரே மூச்சில் மேலே ஏறியதைப் பார்த்தான். அன்றே பைத்தியம் பிடித்துவிட்டது. மறுநாளே போய் ஹெல்மெட் வாங்கினான். உலகநாதனா வாங்கினான் என்று காடே வாயைப் பிளந்தது. கடையில் உடும்புத் தலைக்கு ஒரே ஒரு ஹெல்மெட்தான் இருந்தது, அதனால் வாங்க முடிந்தது. புற்றின் வாசலில் வண்டி நிறுத்த ஓர் இடத்தைக் கூட்டிப் பெருக்கித் தயாராக வைத்தான்.

புது வண்டிக்கு அவன் சம்பளம் எந்த மூலைக்கு? பழைய வண்டிதான் பார்க்க வேண்டும். காட்டில் அந்த ரகத்தில் இரண்டு விற்பனைக்கு இருந்தன. ஒன்று சிறுத்தை வீரபாகுவின் பச்சை வண்டி. நாலு சிலிண்டர். முறுக்கினால் விசில் போலக் கூவிக்கொண்டு பறக்கும். அதன் இன்ஜின் சூட்டில் அவர் வயிற்று ரோமம் பொசுங்கிக்கொண்டே இருந்ததால் விற்க நினைத்தார். மற்றது நரி நவநீதனின் சிவப்பு வண்டி. இரண்டே சிலிண்டர், ஆனால் சத்தம் வயிற்றுக்குள் இடி இறங்குகிற மாதிரி இருக்கும். சீட் உயரம் என்பதால் சிக்னலில் நின்றால் அவன் கால் தரைக்கு எட்டாது. காடே பார்க்கும்படி ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து விழுவான். நரிக்கு அது பெரிய மானக்கேடு. ஆகவே வெளிநாடு போவதால் விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டும் அருமையான வண்டிகள். அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீரபாகு வீட்டுக்குப் போனான். பழைய வண்டி பார்க்க வருகிறவனுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். டீ வரும். அவன் குனிந்து டயரை அழுத்தினால் வீட்டோடு சேர்ந்து எல்லோரும் குனிவார்கள். வழியில் பார்த்தால் வாலைக்கூட ஆட்டாத வீரபாகு அன்றைக்குச் சாவியைக் கையில் கொடுத்து, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க தம்பி" என்றார்.

இந்த ரக வண்டிகளில் நிமிர்ந்து உட்கார முடியாது. டேங்க்மேல் குப்புறக் கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும். மற்ற மிருகங்களுக்கு அது முதுகுவலி. உலகநாதன் பிறந்ததிலிருந்து குப்புறப் படுத்தே காலம் தள்ளுகிறவன். அச்சில் வார்த்தது போல டேங்க்மேல் ஒட்டிக்கொண்டான். வீரபாகு திட்டித் தீர்த்த அந்தச் சூடு வயிற்றில் ஏறியபோது, குளிர்ந்த ரத்தக்காரனான அவனுக்குக் கண் சொருகியது. வெயிலில் காய்ந்த பாறையே எழுந்து பறக்கிற மாதிரி இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை அவன் அதுவரை கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு நவநீதன் வீட்டில் சிவப்பு. அந்த இடி முழக்கம் அவன் நெஞ்சுக்கூட்டை ஆட்டியது. இதுவல்லவா வண்டி என்றிருந்தது. இறங்கியதும் பச்சை ஞாபகம் வந்தது.

அப்புறம் என்ன, வாராவாரம் இதே கதை. ஒரு ஞாயிறு பச்சை, ஒரு ஞாயிறு சிவப்பு. உலகநாதனுக்குப் பொய் சொல்ல வராது. பச்சையை ஓட்டிவிட்டு வந்து வீரபாகுவிடம் அதைப் புகழ்வான். பிறகு பெருமூச்சு விட்டு, சிவப்பில் இந்தச் சூடே கிடையாது அண்ணே, பனிக்காற்று மாதிரி இருக்கும் என்பான். சிவப்பை ஓட்டிவிட்டு வந்து நவநீதனிடம் அந்தச் சத்தத்தைக் கொண்டாடுவான். பிறகு தலையைச் சொறிந்தபடி, பச்சையில் சீட் தாழ்வு, எலி உட்கார்ந்தாலும் கால் எட்டும் என்பான். சொல்கிற விதத்தில் கேட்கிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். இதனால் என்ன ஆகும் என்று அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

டீக்கடையில் அவனுக்கு மவுசு ஏறியது. வண்டி வாங்கப்போகிறவனுக்கு யோசனை சொல்ல ஆசைப்படாத மிருகம் உண்டா? லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று காகம் கேட்டது. அதற்குத்தான் ரோமமும் கிடையாது, சிலிண்டரும் கிடையாது, பெட்ரோலும் வேண்டாம், ஆனாலும் கேட்டது. பின்சீட்டு போதாதே என்று யானை கவலைப்பட்டார். யாரும் அவரை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லவில்லை. கடைசியில் மெக்கானிக் கரடி பீமராஜை அழைத்துப்போய் இரண்டையும் காட்டினான். பீமராஜ் செயினை இழுத்துப் பார்த்தார், ஆயில் கசிகிறதா என்று முகர்ந்து பார்த்தார், எண்ணெய்க் கையைக் காதில் துடைத்துக்கொண்டு ரெண்டுமே சுத்தமான வண்டி, எதை வேண்டுமானாலும் எடுங்கள் என்றார். உலகநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஒன்றையாவது ஓட்டை என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று கரடிமேல் கோபமாக வந்தது.

இரண்டு மழைக்காலம் போனது. பிரச்சினை வம்சத்தின் காதுக்கும் எட்டியது. உடும்புகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பெயர் விடாப்பிடி உறவுகள். அட்மின் உலகநாதனின் சித்தப்பா கெட்டிமுத்து. அவர் ஒருநாள் குழுவில் எல்லோர் முன்னாலும் குரல் பதிவு போட்டார்.

"ஒரு மோட்டார் சைக்கிளப் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் உடும்பாடா? வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணப் பிடி. இல்லேன்னா குரூப்ப விட்டுத் தூக்கிடுவேன்."

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் ஒண்டிக்கட்டையாகப் புற்றில் கிடப்பவனுக்குக் காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்ல அந்தக் குழுவை விட்டால் நாதியில்லை. உலகநாதன் பயந்துவிட்டான்.

சனிக்கிழமை டவரில் வேலை. பாதி ஏறியபோது மழை பிடித்துக்கொண்டது. உச்சிக்குப் போவதற்குள் உடம்பு விறைத்து, விரல்கள் கம்பியோடு கம்பியாகிவிட்டன. அந்தக் குளிரில் கண்ணை மூடியவனுக்கு வயிற்றில் ஒரு சூடு ஞாபகம் வந்தது. பச்சை வண்டியின் சூடு. சிவப்பு வருமென்று பழக்கதோஷத்தில் காத்திருந்தான், வரவில்லை. பச்சை மட்டும்தான் இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. பச்சை, பச்சை என்று மழையில் வாய்விட்டுச் சொன்னான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று வேண்டும் என்று தெரிந்தது. இறங்கியதும் குழுவில் போட்டான்: பச்சை. முடிவு. உறவுகள் கைதட்டும் படங்களாக அனுப்பித் தள்ளின. சித்தப்பாவே ஒரு மாலை அனுப்பினார்.

ஞாயிறு காலை ஹெல்மெட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு, முந்தின நாள் மழைக்குப் புற்றின் வாசலில் சேர்ந்த சேற்றை இன்னொரு முறை சுரண்டிவிட்டு, வீரபாகு வீட்டுக்குப் போனான். வாசலில் நின்றது சிவப்பு.

"அண்ணே, பச்சை எங்க?"

வீரபாகு சிவப்பு டேங்கைத் துடைத்துக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "நீங்க சொல்லிச் சொல்லித்தான் தம்பி எனக்கே புத்தி வந்துச்சு. நேத்து சாயங்காலம் நவநீதன்கிட்ட மாத்திக்கிட்டேன். சூடே இல்ல, பாருங்க வயித்த." காட்டிய வயிற்றில் புதிதாக ரோமம் முளைக்கப் போவதற்கான நம்பிக்கை தெரிந்தது.

உலகநாதன் நவநீதன் வீட்டுக்கு ஓடினான். அங்கே பச்சை நின்றது. அதன்மேல் நவநீதன், இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றி, சிக்னலே இல்லாத இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான். பணத்தை நீட்டினான் உலகநாதன். நவநீதன் தலையை ஆட்டிவிட்டான். வெளிநாட்டுப் பயணம் ரத்தாகிவிட்டதாம், இனி விற்கிற எண்ணமே இல்லையாம்.

உலகநாதன் வேலியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதான். அதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. ஆசைப்பட்டது கிடைக்காமல் போவது எல்லோருக்கும் நடக்கிறது. தானே அதை அடுத்தவனுக்குப் பார்த்துப் பார்த்து முடித்துவைத்துவிட்டு வந்து நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது? அன்று மாலையே, பார்த்துக்கிட்டிருக்கேன் என்று குழுவில் உண்மையைப் போட்டான். சித்தப்பா அடுத்த நொடி தூக்கிவிட்டார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் தீர யோசி, சீக்கிரம் முடிவெடு என்று ஏதாவது சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நவநீதன் புற்றுக்கே வந்தான். முகம் வாடியிருந்தது. வண்டி சொந்தமாகிப் பல நாளாகிவிட்டதுபோல அவனுக்கு ஒரு சலிப்பு. "அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வந்து எப்படியிருக்குன்னு சொல்லுங்களேன். நீங்க சொன்னாத்தான் எனக்கே வண்டி நல்லாருக்கிற மாதிரி இருக்கு" என்றான். உலகநாதனுக்குப் போக மனமில்லை. போனான். கொண்டை ஊசி வளைவில் பச்சை சாய்ந்தபோது வயிற்றில் அந்தச் சூடு ஏறியது. திரும்பி வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சூட்டை உள்ளபடி புகழ்ந்தான். பிறகு பழக்கம் விடாமல் ஒரு பெருமூச்சு. "ஆனா ஒண்ணு தம்பி, சிவப்போட அந்தச் சத்தம் இதுல வராது."

நவநீதனின் காது இரண்டும் விறைத்து நின்றன. மாதம் முடிவதற்குள் வண்டிகள் மறுபடி கைமாறின. வீரபாகு வயிற்றைப் பொசுக்கிக்கொண்டார், நவநீதன் சிக்னலில் சாய்ந்தான், இருவரும் ஆளுக்கொரு ஞாயிறு உலகநாதனுக்கு டீ போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். டயர் தேய்ந்தால் அவர்கள் மாற்றினார்கள், இன்ஷூரன்ஸ் அவர்கள் கட்டினார்கள். உலகநாதன் ஓட்டினான். செய்தி பரவி, காட்டெருமை தன் ஜீப்பையும், மயில் தன் ஸ்கூட்டியையும் விற்கப்போவதாகச் சொல்லி அவனை அழைத்தார்கள். ஒருவரும் விற்கவில்லை. தன் வண்டியை இன்னொருவன் வாய்நிறைய ஆசைப்பட்டுக் கேட்பதில் உள்ள சுகம் பணத்தில் கிடைக்குமா?

சில வருஷம் கழித்துச் சித்தப்பா கெட்டிமுத்துவே தன் பழைய மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். உலகநாதன் ஒரு ரவுண்டு போய்வந்து புகழ்ந்ததைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது. எத்தனை வருஷமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டு அசந்துபோனார்.

"நம்ம வம்சத்துல ஒண்ண இவ்வளவு நாளா விடாமப் பிடிச்சுக்கிட்டிருக்கவன் நீ ஒருத்தன்தான்டா. கோட்டைச் சுவத்தப் பிடிச்சவன்கூட ஆள் ஏறினதும் விட்டுட்டான்" என்றார். அங்கேயே அவனைக் குழுவில் சேர்த்து அட்மினும் ஆக்கினார்.

உலகநாதன் இன்றும் காட்டில் பெரிய ஆள். எப்போது வாங்கப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், பார்த்துக்கிட்டிருக்கேன் என்பான். மழை பெய்கிற சனிக்கிழமைகளில் மட்டும் டவர் உச்சியில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். இறங்கி வந்து புற்றின் வாசலில் அந்தக் காலி இடத்தைக் கூட்டிப் பெருக்குவான்.

நீதி: வாங்கியவன் ஒரு வண்டிதான் ஓட்டுவான், வாங்கப்போகிறவன் ஊர் வண்டியெல்லாம் ஓட்டுவான். ஹெல்மெட் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அழுவதற்கு உதவும்.