ஜப்பான் பணக்காரனும் நாகல் நகர்ச் சந்தும்

மல்லிகைப் பூ வாங்கி வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பேத்தி யாழினியைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து சாயங்காலம் வருகிறார்கள். மருமகன் மஸ்கட்டில். ஓடியாட ஆள் நான்தான். என் மகள் சாந்தி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, நிலக்கோட்டை போயி மல்லிகை வாங்கிட்டு வந்துருங்க. இங்க வாடுனதக் குடுத்து ஏமாத்திருவான்."

நான் ரிட்டையர்டு கண்டக்டர். பஸ் பாஸ் உண்டு. அதனால் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்தால்கூட என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

அதிகம் பேசுகிற ஆள் இல்லை நான். வேலையில் இருந்தபோது பேசியதே "ஏறு", "எறங்கு", வண்டியை நிறுத்த "ஓல்டான்". அதற்கு மேல் வாழ்க்கையில் தேவைப்பட்டதும் இல்லை.

மல்லிகை வாங்குவதில் தப்பு நடக்க வழியே கிடையாது. தப்பு ஜப்பானிலிருந்து வந்தது.

யாழினி ஜப்பான் பொம்மைப் படம் பார்ப்பாள். அப்படிச் சொன்னால் கோபம் வரும்.

"பொம்மைப் படமில்ல தாத்தா. அனிமே."

சரி, அனிமே. கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். வேலை முடிந்தால் ஹால் டிவி அவளுடையது. நான் செய்தி பார்க்க உட்காருவேன். செய்தி வராது. அனிமேதான் வரும். எழுந்து போகச் சோம்பல்பட்டு அதையே பார்ப்பேன்.

அதில் ஒரு பணக்காரப் பையன். நம் ஊர்ப் பணக்காரன் மாதிரி நாலு லாரி, ரெண்டு மில் கணக்கு இல்லை. வீட்டு கேட்டிலிருந்து வாசலுக்கு ரயில் விட்டிருக்கிறான். கொல்லையில் கடல். டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனால் ஹெலிகாப்டரில் வருகிறது. மார்க் குறைந்தால் பள்ளிக்கூடத்தையே விலைக்கு வாங்குகிறான். மஞ்சள் முடி. மீசை இன்னும் முளைக்கவில்லை.

"அவங்கப்பன் என்ன தொழிலு?"

"தெரியாது தாத்தா."

"நெலம் யார் பேர்ல இருக்கு?"

"அதெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"இம்புட்டு வச்சிருக்கவன் எதுக்குப் பள்ளிக்கூடம் போறான்?"

"தாத்தா, கதையப் பாருங்க!"

பார்த்தேன். அவன் நடந்தால் வழியெல்லாம் ரோஜா இதழாக விழுகிறது. மேலே மரம் இல்லை. தூவ ஆளும் இல்லை. விழுகிறது.

"இத யாரு கூட்டிப் பெருக்குறது?"

"அத எங்கயும் காட்ட மாட்டாங்க தாத்தா."

எனக்கு அந்தப் படத்தில் பிடிக்காதது அது ஒன்றுதான்.

மாப்பிள்ளைப் பையன் பெயர் கவின். அவனும் இதே படம் பார்க்கிறவன். ஜாதகம் பொருந்தியதும் இரண்டு பேருக்கும் போன் நம்பர் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் போனில் என்ன பேசுமோ தெரியாது. இதுகள் அந்த மஞ்சள் முடிக்காரனைப் பற்றிப் பேசிச் சிரித்தன. அதுவரை வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தள்ளியவள் இவனுக்குச் சரி என்றாள்.

ஒரே சிக்கல் பையனுடைய பெரியப்பா. அப்பா இல்லாத பையனை வளர்த்தவர். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. நல்ல மனிதர், ஆனால் சகுனம் பார்ப்பவர். முன்னே ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பன் தும்மியதற்காகக் காபியைத் தொடாமல் எழுந்து வந்தவர். அவர் தலையாட்டினால்தான் கல்யாணம்.

காலையில் நான் செருப்பு மாட்டும்போது யாழினி பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாத்தா, இது மட்டும் நல்லபடியா முடியணும்."

"ம்."

"அவன் வர்றப்ப வழியெல்லாம் ரோஜா கொட்டிக் கெடந்தா எப்படி இருக்கும்! அந்தப் பணக்காரன் மாதிரியே! மெரண்டுருவான்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே பியூட்டி பார்லர் கிளம்பிப் போய்விட்டாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். நான் அதை டூட்டியாக எடுத்துக்கொண்டேன்.

நிலக்கோட்டையில் மல்லிகை விலையைக் கேட்டேன். முகூர்த்த நாளாம். நகைக்கடைக்குள் வந்துவிட்டேனோ என்று ஒரு தரம் போர்டைப் பார்த்தேன். தட்டில் வைக்கிற அளவுக்கு மட்டும் ஒரு பொட்டலம் வாங்கினேன். பக்கத்திலேயே உதிரி ரோஜா குவிந்து கிடந்தது.

"ரோஜா. ஒரு மூட்டை."

வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முகம் கொஞ்சம் கடுகடுவென்றிருக்கும். வேலையில் வந்த முகம், பென்ஷனோடு கூடவே வந்துவிட்டது.

"தெருவுல போடவாய்யா?"

"ஆமா."

"எம்புட்டுத் தூரம்?"

"மெயின் ரோட்டுலேருந்து வீட்டு வாசல் வரைக்கும்."

மறுபேச்சில்லாமல் மூட்டை கட்டினார். கட்டிய பிறகும் இரண்டு கை அள்ளிப் போட்டார்.

"இதுக்கெல்லாம் வெலை பேசக்கூடாதுய்யா. இருக்கறதக் குடுங்க. மனசத் தேத்திக்கங்க."

நல்ல மனிதர். அவரும் பெண் பிள்ளையைக் கட்டிக் கொடுத்தவர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஏறினேன். கூட்டம். மூட்டையைப் பார்த்ததும் ஜன்னலோரத்துப் பெண்பிள்ளை எழுந்து இடம் கொடுத்தது. கண்டக்டர் சின்ன வயசுக்காரன். மூட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நகர்ந்துவிட்டான். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை!

லக்கேஜ் டிக்கெட் போடாத கண்டக்டரை நான் கண்டதில்லை. நானாக இருந்தால் எனக்கே போட்டிருப்பேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"யாருக்குண்ணே?" என்றான் டிரைவர்.

"பேத்திக்கு."

"அய்யய்யோ! என்ன வயசு?"

"இருபத்தஞ்சு."

"ச்சொச்சொ. அதுக்குள்ளயாண்ணே?"

இந்தக் காலத்துப் பயல்களுக்கு இருபத்தைந்தே சின்ன வயசாகப் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாகல் நகரில் இறங்கும்போது வாடகை வாங்க மாட்டேன் என்றுவிட்டான். ஊர் திருந்திவிட்டது என்று முடிவு செய்தேன்.

மெயின் ரோட்டில் எங்கள் சந்து திரும்புகிற இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மூட்டை தோளில். தலை குனிந்து, மெதுவாக நடந்து, வலது பக்கம் ஒரு கை, இடது பக்கம் ஒரு கை. டிவியில் பார்த்த மாதிரியே வந்தது.

டீக்கடையில் பாட்டை நிறுத்தினார்கள். பைக்கில் வந்தவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வீட்டை நெருங்கும்போது நாலு பேர் பிளாஸ்டிக் சேர் கொண்டுவந்து எங்கள் வாசலில் வரிசையாகப் போட்டார்கள். நான் கேட்கவே இல்லை.

விருந்தாளி வருகிறது என்று தெருவே ஒத்தாசை செய்கிறது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிறைந்தும் போனது. வீட்டுக்குள் சாந்தி பஜ்ஜிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி சத்தத்தில் வெளியே நடப்பது தெரியாது.

வாசலில் நின்று சாக்கை உதறும்போது எதிர்வீட்டு ஆரோக்கியசாமி வந்தார். என் வயசுக்காரர். கையில் ஆள் உயர மாலை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கண்டக்டரே... நீயா?"

"வேற யாரு?"

"உசுரோடவா இருக்க?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"அப்ப போனது யாருய்யா?"

"எங்க போனது?"

அவர் தெருவைக் கைகாட்டினார்.

அப்போதுதான் ஜப்பானை மறந்துவிட்டு அந்தத் தெருவைப் பார்த்தேன். மெயின் ரோட்டிலிருந்து வாசல் வரை ரோஜா. வாசலில் சேர். சேரில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜனம்.

நம் ஊரில் ரோஜா மேலே போகிறவன் நடந்து போவதில்லை.

"இது எழவு இல்லய்யா. பொண்ணு பாக்க வர்றாங்க!"

"அதுக்கு எதுக்குய்யா இதப் போட்ட?"

"ஜப்பான்ல போடுறான்."

ஆரோக்கியசாமி என்னைப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார்.

"ஒன் வீட்டுல எழவுன்னாங்க. ஒனக்குன்னுதான் வாங்குனேன். பெருசாவே வாங்குனேன். கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். நீயே போட்டுக்க." கழுத்தில் மாட்டிவிட்டுச் சேரில் உட்கார்ந்துகொண்டார்.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்தடி கூடப் பெருக்கவில்லை. சந்து முனையில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. திரும்பவில்லை. சும்மா நின்றது.

உள்ளேயிருந்து சாந்தி ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, ஒரு கையில் போனோடு வந்தாள்.

"அப்பா, மாப்பிள்ளையோட பெரியப்பா பேசுறாரு. 'எழவு விழுந்த தெருவுல எப்படிங்க பொண்ணு பாக்கறது, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே'ங்கறாரு. எந்த எழவ..."

தெருவைப் பார்த்தாள். சேரைப் பார்த்தாள். மாலை போட்ட என்னைப் பார்த்தாள். மிச்சமிருந்த சேரில் அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அந்நேரம் பார்த்து யாழினி பார்லரிலிருந்து வந்தாள். சந்து முனையில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் ரோஜாவைப் பார்த்திருக்கிறாள்.

"தாத்தா!"

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதபடியே அந்த இதழ் மேலேயே ஓடி வந்தாள். மாலையும் விளக்குமாறுமாக என்னைப் பார்த்ததும் இன்னொரு தரம் கத்தினாள். அது முன்னதைவிடப் பெரிய கத்தல்.

"என்ன தாத்தா இது?"

"நீதான சொன்ன. ரோஜா. பணக்காரன்."

வாயைப் பிளந்து நின்றாள். சிரிப்பதா, என்னை அடிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குள் சந்து முனையிலிருந்து காரின் பாட்டுச் சத்தம். கார் ரிவர்ஸ் எடுக்கிறது.

யாழினி திரும்பிப் பார்த்தாள். கண் மை கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போறாங்க தாத்தா," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

ஓடினேன். முட்டி வலி, வேட்டி தடுக்கல், கழுத்தில் மாலை, கையில் விளக்குமாறு. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கார் மேல் படபடவென்று தட்டினேன்.

"ஓல்டான்!"

கார் நின்றது. இந்த ஜில்லாவில் அதற்கு நிற்காத டிரைவர் கிடையாது.

கண்ணாடி இறங்கியது. பெரியப்பா கைகூப்பினார்.

"மனசுக்குக் கஷ்டமா இருக்குதுங்க. போனது யாருங்க?"

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பணக்காரப் பையனில் ஆரம்பிக்க வேண்டும். ரயில், கடல், ஹெலிகாப்டர் எல்லாம் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.

"நான்தான்," என்றேன்.

மாலையைப் பார்த்தார். "நீங்க பேசறீங்களேங்க?"

"சகுனம் பாப்பீங்கள்ல?"

"பாப்பனுங்க."

"பொணம் எதுக்க வந்தா?"

யோசித்தார். "நல்லதுங்க. ரொம்ப விசேசமுங்க. போற காரியம் செயிக்கும்பாங்க."

"எதுக்க வந்துருக்கேன். எறங்குங்க."

ஆரோக்கியசாமி பின்னாலேயே வந்துவிட்டார். "அய்யா, தெருவே சாட்சி. இந்தாளு போயிட்டாருன்னுதான் நாங்க அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்துருக்கோம்."

பெரியப்பா நிதானமாகக் கேட்டார். "மாலையெல்லாம் விழுந்துருச்சுங்களா?"

"விழுந்துருச்சு. என் மாலைதான்," என்றார் ஆரோக்கியசாமி.

"அப்பச் செரிங்க," என்று கதவைத் திறந்தார் பெரியப்பா.

கவின் அந்தப் பக்கக் கதவு வழியாக எப்போதோ இறங்கியிருந்தான். தரையில் கிடந்த ரோஜாவைப் பார்த்தான். தெருக்கோடியில் நின்ற யாழினியைப் பார்த்தான். ஒரு கையால் தலைமுடியைக் கோதிவிட்டான். மோவாயைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டு, ஒட்டன்சத்திரத்துக்கே தன் பேரில் பட்டா இருக்கிற மாதிரி நடந்தான். மஞ்சள் முடி ஒன்றுதான் குறை.

அந்தக் கோடியில் யாழினி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மை இறங்கிய கன்னத்தோடு சிரித்தாள். சேரிலிருந்த ஜனத்துக்கு எழுந்திருப்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

"இவனுக்கென்னங்க ஆச்சு?" என்றார் பெரியப்பா.

"ஜப்பான்," என்றேன்.

அப்புறம் ஒரு குறையும் இல்லை. பெரியப்பா காபி குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டார். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார். போகும்போது என் கையைப் பிடித்து, "இத்தன வருசத்துல இப்பேர்ப்பட்ட சகுனம் எனக்கு அமஞ்சதே இல்லீங்க" என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் சாந்தி கேசரி கொடுத்தாள். எழவு கேட்க வந்த இடத்தில் கேசரி சாப்பிட்டது இதுதான் முதல் தடவை என்று ஆரோக்கியசாமி சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.

கடைசியாகத்தான் சாந்தி கேட்டாள்.

"அப்பா, மல்லிகை எங்க?"

ஆட்டோவில் விட்டுவிட்டேன்.

அவள் விளக்குமாற்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். மிதிபட்ட ரோஜா தார் ரோட்டில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தெருவிளக்கு எரிகிற வரை பெருக்கினேன். மாலையைக் கழற்ற மறந்துபோனதால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பணக்காரப் பையன் வீட்டிலும் ஒரு தாத்தா இருக்கிறார். அவரைத்தான் காட்ட மாட்டார்கள்.