கறுப்பு வெள்ளைப் படமும் கிணற்றடிக் குழியும்

பழைய ஆங்கிலப் படத்தில் மழை பெய்யத் தொடங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று அர்த்தம். மழையோடு சேர்ந்து விளக்கும் அணைந்தால் சாகப்போவது அந்த வீட்டுக்காரி. அந்த நேரம் பார்த்து அவளுடைய கணவன் அன்பாகப் பேசினால் கொல்லப்போவது அவன்தான். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை, நாலைந்து படம் பார்த்தால் போதும். நான் அதற்கு மேலும் நிறையப் பார்த்துத் தொலைத்தேன், அதுவும் கழுத்தில் தாலி ஏறிய புதிதில். (பார்க்கக்கூடாத காலம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.)

எல்லாம் ஆங்கிலம் படிக்க ஆசைப்பட்டதால் வந்த வினை. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் மேலே போகவேண்டுமென்றால் ஆங்கிலம் பேசவேண்டும். மாலை வகுப்பு எடுத்த சேர் ஒரு நாள் சொன்னார்: "இப்ப வாற படங்களப் பாக்காதீங்க, அவங்க வாய்க்குள்ளயே பேசுறாங்க. பழைய ஹொலிவூட் படம் பாருங்க, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக் கேக்கும்." சொன்னதோடு நிற்காமல் ஒரு பென் டிரைவையும் நிரப்பித் தந்தார். அதில் இருந்தது முழுக்கக் கொலைப் படம். சேருக்கும் வீட்டில் ஏதோ பிரச்சினை இருந்திருக்கவேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

வேலை முடிந்து வந்து தேத்தண்ணியும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவேன். அம்மாவும் வந்துவிடுவார். அவருக்கு ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஒரு படத்தையும் விடவில்லை. படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் முகத்தோடு முகம் நெருங்கினால் கமரா மெல்லத் திரும்பிக் கடலைக் காட்டும்.

"ஏன் மனே இப்பக் கடலக் காட்டுறான்? ஆரும் தண்ணிக்குள்ள தாண்டு போயிட்டாங்களா?"

"இல்லம்மா, சும்மா காட்டுறாங்க."

"சும்மா ஆரும் கடலக் காட்டுவாங்களா?" என்று அம்மா என்னையே சந்தேகமாகப் பார்ப்பார்.

எனக்கு அந்தப் படங்களில் எதையுமே நம்ப முடியவில்லை. அந்தப் பெண்கள் தூங்கி எழும்பும்போதே உதட்டுச்சாயத்தோடு எழும்புகிறார்கள். வீட்டுக்குள் தொப்பியைக் கழற்றாத ஆண் எவனும் நல்லவனாக இருந்ததில்லை. தொலைபேசி மணி அடித்தால் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள், எடுக்கமாட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரு மாடிப்படி, அதில் உருண்டு விழ ஒருத்தி. எங்கள் நாவற்குடா வீட்டில் மாடிப்படி இல்லை என்று முதலில் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் கிணறு இருப்பது ஞாபகம் வந்தது.

ஆங்கிலமும் வராமல் இல்லை. 'அன்று மாலை நீ எங்கே இருந்தாய்', 'கையை மேலே தூக்கு', 'பிணத்தை என்ன செய்தாய்' இந்த மூன்றையும் இலக்கணச் சுத்தமாகப் பேசுவேன். அலுவலகத்தில் இவற்றைப் பேசிக்காட்டச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அம்மா கொலைகாரனைக் கண்டுபிடிப்பதற்கு வேறு வழி வைத்திருந்தார். "சாப்பாட்ட முடிக்காம எழும்புறான் பாரு, அவன்தான்" என்பார். ஒரு படத்திலும் அவர் தவறியதில்லை. துப்பறியும் ஆட்கள் பாவம், பைப் குடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் அலைவார்கள்.

என் நிம்மதியைக் கெடுத்தது வேறொரு விஷயம். அந்தப் படங்களில் வீடு பெரும்பாலும் மனைவியுடையது. கணவன் எங்கிருந்தோ ஒரு பையோடு வந்து சேர்ந்தவன், மரியாதையானவன், அதிகம் பேசாதவன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அந்தக் கணக்கில் பார்த்தால் மட்டக்களப்பு முழுக்கக் கொலைகாரர்கள்தான் இருக்கவேண்டும். ஊரைப் பற்றி எனக்கென்ன கவலை, என் வீட்டில் ஒருவர் இருந்தார். பெயர் தவம். கதிரவெளியிலிருந்து ஒரு பையோடு வந்தவர், டவுனில் ஒரு இரும்புக்கடையில் வேலை. மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை. அம்மா வந்தால் கதிரையை விட்டு எழும்பிவிடுவார். படத்தில் இப்படி எழும்பிய ஒருவனும் உருப்பட்டதில்லை.

ஒரு நாள் அவரையும் பிடித்து உட்காரவைத்தேன். படத்தில் கணவன் தோட்டத்தில் குழி வெட்டுகிறான். நான் தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இவர் கொட்டாவி விட்டபடி சொன்னார்:

"ஆழம் காணாது. நாய் கிளறிப் போடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வெட்டினவனுக்குத்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தேன். முருங்கைமரத்தடியில் நின்று தொலைபேசியில் பேசுவார், என்னைக் கண்டதும் வைத்துவிடுவார். கடையிலிருந்து புது மண்வெட்டி ஒன்று கொண்டுவந்தார். "மாமி சனிக்கிழம வீட்டிலயா நிப்பா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார். அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒரே பேச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். "மருமகன் ஒரு சோறு மிச்சம் வைக்கிற ஆள் இல்ல. நீ படத்தப் பாத்துப் பாத்துப் பயித்தியமாகாத."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடிக்குப் பின்னால் குழியைக் கண்டேன். மேலே தென்னோலை போட்டு மறைத்திருந்தது. விலக்கிப் பார்த்தேன். நல்ல ஆழம், நாய் கிளற வழியில்லை. நீளத்துக்கு ஓர் ஆளை, கொஞ்சம் மடக்கினால், படுக்கவைக்கலாம். (அம்மா கட்டையானவர்.) "என்னத்துக்கு இந்தக் குழி?" என்று தவத்திடம் கேட்டேன். "குப்ப தாக்க" என்றார், புதைக்கவாம். குப்பை எடுக்கும் வண்டிதான் வாராவாரம் வாசலுக்கே வந்து போகிறதே. அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார்.

சனிக்கிழமை ஆங்கில வகுப்பு முடிந்து மத்தியானம் வந்தேன். வீடு திறந்து கிடந்தது. அம்மா இல்லை. அம்மாவின் தொலைபேசிக்கு அழைத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தவமும் இல்லை. கிணற்றடிக்கு ஓடினேன். குழி மூடியிருந்தது. ஒரு மூலையில் தேங்காய்ப் பொச்சு எரிந்த சாம்பலும் கொஞ்சம் புகையும். பக்கத்தில் அம்மாவின் ரப்பர் செருப்பு.

குழிக்குள் வாழைக்குலை தாட்டுப் புகையூதிப் பழுக்க வைப்பதைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நானும் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் நான் பார்த்த படங்களில் ஒருவரும் வாழைக்குலையைப் புதைக்கவில்லை.

அழுதுகொண்டு பெரியமாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் அம்மாவின் தமையன், எங்கள் கண்ணகி அம்மன் கோயிலின் வண்ணக்கர், அதாவது கோயில் பொறுப்பெல்லாம் அவர் கையில். எங்கள் குடும்பத்துக்கும் அவர்தான் வண்ணக்கர், அதற்கு மட்டும் யாரும் அவரை நியமிக்கவில்லை. அம்மனுக்கு வைகாசிச் சடங்கு அடுத்த கிழமை என்பதால் கோயில் ஆட்கள் சிலர் அவர் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் கேட்க நான் விஷயத்தைச் சொன்னேன்.

மாமா நிதானமானவர். "அழாத மனே. சடங்கு வருகுது, மருமகன் வாழக்குல தாட்டிருப்பாரு."

"அவருக்கு எங்கால மாமா வாழக்குல? கைய வீசிக்கிட்டு வந்த மாப்புள எண்டு நீங்கதானே எல்லாரிட்டயும் சொன்னீங்க?"

தன் வாயால் சொன்னதை மாமாவால் மறுக்க முடியவில்லை. போய்த் தோண்டுவதற்கு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஊர்வலமாகத்தான் வந்தோம். முன்னால் மாமா, பின்னால் கோயில் ஆட்கள், வழியில் சேர்ந்துகொண்ட அயலட்டை. செருப்பைக் கண்டதும் மாமாவின் நிதானம் போய்விட்டது. "தங்கச்சி" என்று அழுதபடி கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் தோண்டினார்கள். நான் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். படங்களில் பெண்கள் இந்த இடத்தில் மயங்கி விழுவார்கள். எனக்கு மயக்கம் வரவில்லை, வந்திருந்தால் எவ்வளவோ மானம் மிஞ்சியிருக்கும்.

முதலில் மண், பிறகு பலகை, பிறகு வாழைச்சருகு. சருகை விலக்கினால் இரண்டு பெரிய கதலிக்குலைகள், பச்சை மாறத் தொடங்கியும் தொடங்காமலும், பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

அப்போது வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார். புதுச் செருப்பு, கையில் இரண்டு துணிப் பை. ஏறாவூருக்குச் சாரி எடுக்கப் போயிருக்கிறார். "வாகனம் ஒண்டு போகுது மாமி, இண்டைக்கே போயிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்ததே தவம்தான். தொலைபேசி வழக்கம்போல் பைக்குள் துணிக்கடியில்.

"என்னண்ணே, ஏன் அழுறாய்? ஆருக்கு என்ன?" என்று அம்மா மாமாவைக் கேட்டார்.

"உனக்குத்தான்" என்றார் மாமா.

விஷயம் விளங்கியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கோயில் ஆட்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அது மற்றவர்களுக்கும் தொற்றியது. நானும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்த நேரம் தவம் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

அவர் குழிக்குப் பக்கத்தில் குந்தி ஒரு பழத்தைத் தொட்டுப் பார்த்தார். "சூடு போயிட்டு. இனி ஒழுங்காப் பழுக்காது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் கதிரவெளியில நட்ட வாழ. சேனைத் தோட்டத்தில தண்ணி அள்ளி ஊத்தி வளத்தது. தம்பிதான் வெட்டி லொறியில ஏத்திவிட்டவன். இந்த வீட்டுக்கு ஒண்டும் கொண்டு வராதவன் எண்டு மாமா சொல்றாரு. முதல் சடங்குக்கு மடைப்பெட்டியில என்ட பழமாவது இருக்கட்டும் எண்டு நினச்சன். உன்னட்டச் சொன்னா உங்கம்மாவுக்குப் போகும், உங்கம்மாட்டச் சொன்னா ஊருக்குப் போகும். அதான் சொல்லல்ல."

மடைப்பெட்டி என்பது வெற்றிலை, பாக்கு, பூ, பழம் எல்லாம் நிரப்பி வீட்டுக்கு வீடு கோயிலுக்குக் கொண்டுபோகும் பெட்டி. புது மாப்பிள்ளை வந்த வீட்டுப் பெட்டியை ஊரே எட்டிப் பார்க்கும். அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் அவர் இத்தனை நாள் முருங்கைமரத்தடியில் நின்று பேசியிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிப் படுத்துவிடலாம் போலிருந்தது. என் வீட்டில், என் கிணற்றடியில், அந்த மனிதர் இவ்வளவு தனியாக நின்றிருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியவில்லை. எல்லாச் சந்தேகமும் வந்த எனக்கு இந்தச் சந்தேகம் மட்டும் வரவில்லை.

பெரியமாமா கிணற்றுக்கட்டிலிருந்து எழும்பினார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். தானே சருகைப் பரப்பி, பலகையை வைத்து, மண்ணை இழுத்து மூடினார். பொச்சைக் கொளுத்தி அவரே புகையூதினார். ஊதி ஊதி இருமினார். தவம் எவ்வளவு கேட்டும் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "மன்னிப்பு" என்ற சொல்லை அவர் வாயால் இன்றுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த இருமல் மூன்று நாளைக்கு நிற்கவில்லை.

சடங்கன்று மடைப்பெட்டியில் இருந்த பழங்கள் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை. எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் மாமா தானாகவே வலியப் போய்ச் சொன்னார்: "என்ட மருமகன் கதிரவெளியில சொந்தமாச் செஞ்ச பழம். அரைப்பழமாக்கினது என்ட மருமகள்." அதற்குப் பிறகு என் வீட்டில் எனக்கு இருந்த செல்வாக்கு முழுவதும் தவத்தின் பக்கம் போய்விட்டது.

பதவி உயர்வு கிடைக்கவில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டேன், படங்களை விடவில்லை. இப்போது பார்க்கும்போது அந்தக் கணவன்மார்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வருகிறது. யாராவது தோண்டிப் பார்க்குமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று தோன்றும். (கேட்டாலும் பெரும்பாலும் உள்ளே பிணம்தான் இருக்கும், அது வேறு.)

வருடா வருடம் வைகாசியில் தவம் கிணற்றடியில் குழி வெட்டுகிறார். இப்போது மறைத்து வெட்டுவதில்லை. அம்மா, பெரியமாமா, அயலட்டை எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, குலைகளை இறக்கிச் சருகு மூடுமுன் என்னைக் கூப்பிடுவார். நான் குனிந்து உள்ளே பார்த்து, "ஒருத்தரும் இல்ல, மூடுங்க" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லவேண்டும். சொல்லாமல் ஒரு பிடி மண் போடமாட்டார். போன வருடம் அடுப்பில் கறி கிடந்தது, குசினியில் நின்றபடியே "ஒருத்தரும் இல்ல, மூடுங்க" என்று சத்தம் வைத்தேன்.

குழியடியிலிருந்து பதில் வந்தது. "பாக்காமச் சொல்லாத. இஞ்ச வந்து வடிவாப் பாத்துட்டுச் சொல்லு."

கறியை இறக்கிவைத்துவிட்டுப் போனேன்.